இரண்டு விசிலுக்கு நடுவில்

சென்னை
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு மாதேசு எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ, மச்சான், அத்தை மூன்று பேரும் சுகமா? அத்தையின் முழங்கால் வலி தேவலையா? மிளகுக்கொடி வாடுகிறது என்று எழுதியிருந்தாய், இப்போது எப்படி?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று தபால்காரர் உன்னைக் கிண்டல் செய்வார். மச்சானுக்குக் கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டு ஊர் முழுக்கக் கேட்கவைத்துவிடுகிறார். சிக்னல் வேறு பாதிப் பேச்சில் போய்விடும். நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் மாதம் தவறாமல் எழுதுவாயே, நமக்கு அதுதான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். எடிட்டிங் ஆபீஸ் வேலை போக யூடியூபில் சொந்தமாக ஒரு சேனல் நடத்துகிறேன் அல்லவா? அதில் அடுத்து ஒரு பேய்ப் படத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் பயமுறுத்துகிறது, கேமராவை எங்கே வைத்தார்கள், சத்தத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து அரைமணி நேரம் பேசப்போகிறேன். படம் ‘மஞ்சுமேடு’. 2011இல் நம் ஊரிலேயே எடுத்தது. நான் அப்போது மலையடிவார ஹாஸ்டலில் நாலாம் வகுப்பு. ஒரு நாள் ஷூட்டிங் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. தியேட்டரில் ஒரு வாரம் ஓடாத படத்தை இப்போது தேடித் தேடிப் பார்க்கிறார்கள்.

அதில் ஒரு காட்சி. விடியற்காலை, ஊர்மேல் மஞ்சு இறங்கி வெள்ளைப் புகைபோல மூடியிருக்கிறது. கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. நாய் இல்லை, கோழி இல்லை, ஒரு இருமல் இல்லை. பேய் வருவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. இந்த மௌனத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் என் வீடியோவின் முதல் கேள்வி. நீ அங்கேதானே இருந்தாய். நினைவில் இருப்பதையெல்லாம் எழுது.

மச்சானுக்கும் அத்தைக்கும் என் வணக்கம் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
மாதேஸ்வரன்

*

வளப்பூர் நாடு
24.6.2025

என் கண்ணு மாதேசுக்கு அக்கா கலைமணியின் ஆசி. நாங்கள் எல்லோரும் சுகம். மிளகுக்கொடி பாதி போய்விட்டது, பாதி பிழைத்துக்கொண்டது. பலா இந்த வருசம் நல்ல காய்ப்பு. மச்சான் வாரம் இரண்டு தடவை செம்மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்.

அத்தைக்கு வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எனக்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள். இந்த வயதில் வேண்டாம் என்றால் கேட்பதில்லை. இத்தனை வருசத்தில் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இப்படி ஒரு மாமியார் யாருக்கும் கிடைக்காது.

நீ கேட்டது. முந்தின நாளே நாய்களை மேல்காட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். கோழிகளைக் கூடையில் கவிழ்த்து மேலே சாக்குப் போட்டோம். மாட்டு மணியை அவிழ்த்தோம். விசில் அடித்தால் அவரவர் எங்கே நிற்கிறோமோ அங்கேயே அப்படியே நிற்க வேண்டும். பேசக் கூடாது, அசையக் கூடாது. மறுபடி விசில் அடித்த பிறகுதான் நகரலாம். ஊரில் எல்லோரும் சொன்னபடி நின்றார்கள். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

வேறு நல்ல படமே கிடைக்கவில்லையா உனக்கு? உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொள் சாமி.

அக்கா

*

சென்னை
3.7.2025

அன்புள்ள அக்காவுக்கு மாதேசின் வணக்கம். நான் சுகம். அத்தைக்கு ஒரு முழங்கால் பட்டை வாங்கி அனுப்புகிறேன், கட்டிக்கொள்ளச் சொல்லு. மச்சானிடம் பலா மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்க வேண்டாம் என்று சொல்லு.

நீ எழுதிய விசில் விஷயத்தைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. இது ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதனால்தான் அந்த மௌனத்தில் உயிர் இருக்கிறது. என் வீடியோ இதிலிருந்துதான் ஆரம்பிக்கும். படம் பேயைப் பற்றியதே இல்லை அக்கா. கண்ணெதிரே ஒரு கொடுமை நடக்கும்போது ஊர் சேர்ந்து சும்மா நிற்கிறதே, அதைப் பற்றியது. கதையில் சொன்னதையே எடுத்த விதத்திலும் செய்திருக்கிறார்கள் என்று சொல்லப்போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. அந்தக் காட்சியில் மஞ்சுக்குள் தூரத்தில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். இரண்டு நிமிடமும் இம்மிகூட அசையவில்லை. அது பேயா, ஊர்க்காரியா என்று ரசிகர்களுக்குள் பெரிய சண்டை. நான் அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். யார் அது?

அடுத்தது அந்தக் கூச்சல். மௌனம் முடிந்ததும் ஒரு பெண் குரல், பதினோரு விநாடி. கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும். நரி ஊளையையும் நடிகை குரலையும் கலந்து செய்தோம் என்று டைரக்டர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எந்த நடிகையாலும் அப்படிக் கத்த முடியாது. வீடியோவில் அதற்கு மட்டும் எட்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

மாதேசு

*

வளப்பூர் நாடு
21.7.2025

மாதேசுக்கு அக்கா ஆசி. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் பட்டை வந்தது.

குடத்தோடு நிற்கும் பெண் நான்தான்.

கூச்சலைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் அந்தப் படம் பார்க்கவில்லை. அந்தக் கூச்சலுக்குப் பிறகு படத்தில் என்ன சத்தம் வருகிறது என்று மட்டும் எழுது.

அக்கா

*

சென்னை
29.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, சுகம், உங்கள் எல்லோர் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். பட்டை அத்தைக்குச் சரியாக இருக்கிறதா? இறுக்கமாக இருந்தால் மாற்றித் தருவார்கள்.

உன் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். தமிழ்நாடே பேய் என்று நினைத்த பெண் என் கூடப்பிறந்தவள். சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு முன்னோட்டம் செய்து போட்டுவிட்டேன். நீ நிற்கும் காட்சி, அதன்மேல் அந்தப் பதினோரு விநாடிக் கூச்சல், கீழே ‘இந்தப் பேய் என் அக்கா’ என்று எழுத்து. நாலு நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஆளாளுக்கு வெட்டி எடுத்துப் பரப்புகிறார்கள்.

நீ கேட்டது: கூச்சலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. திரை இருட்டாகி அடுத்த காட்சி. ஏன் கேட்டாய்?

அடுத்த மாதம் வந்து உன்னைப் பேச வைத்துப் பதிவு செய்கிறேன். வெட்கப்படாமல் பேச வேண்டும். மச்சானுக்கும் அத்தைக்கும் என் அன்பு.

மாதேசு

*

வளப்பூர் நாடு
14.9.2025

மாதேசுக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். நீ மச்சான் போனில் மூன்று தடவை கூப்பிட்டாயாம். நான்தான் காட்டில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

ஆவணியில் ஒரு நாள் செம்மேட்டுச் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்தவர் போனில் ஒரு கூச்சல் கேட்டது. பக்கத்தில் இருந்தவர், “இன்னொருக்கா போடுங்க, மயிரு சிலுத்துக்குது” என்றார். மறுபடி போட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை போட்டபோது எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி நடுவழியில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து ஊட்டுக்கு நடந்தே வந்தேன்.

அது நரியும் இல்லை, நடிகையும் இல்லை கண்ணு. என் குரல். கத்துவதற்கு முன்னால் குடம் கல்லில் உருளுகிற சத்தம் வருகிறதே, அது என் கையிலிருந்து விழுந்த குடம்.

என் பிள்ளை பானுமதி ஜன்னி கண்டு போனாள் என்று உனக்குச் சொன்னோம். நீ சின்னப் பிள்ளை, ஹாஸ்டலில் தனியாக இருந்தாய். ஜன்னி இல்லை. அன்று காலை அவளைச் சேலைத் தூளியில் தூங்கவைத்துவிட்டுத் தண்ணிக்குப் போனேன். ஊற்று ஊட்டிலிருந்து நாற்பது தப்படி. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது விசில் அடித்தார்கள். நின்றேன். இரண்டாவது விசில் வந்த பிறகு ஊட்டுக்குப் போனேன். எழுந்து நின்று புரண்டிருப்பாள் போல. தூளித்துணி கழுத்தைச் சுற்றியிருந்தது. பதினோரு மாசப் பிள்ளை.

சவுண்டு எடுக்கும் ஆள் எங்கள் ஊட்டு முகப்பில் மூங்கிலில் மைக்கைக் கட்டியிருந்தார். அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர்களுக்கு நான் கத்தியது உபயோகப்பட்டிருக்கிறது. அந்தக் கூச்சலுக்குப் பிறகு நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதையும் படத்தில் போட்டிருப்பார்களோ என்றுதான் உன்னைக் கேட்டேன்.

அத்தை ஊட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார்கள். “புள்ள அழுவலயா? உனக்குக் கேக்கலயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். “கேக்கலீங்க அத்தை” என்றேன். “எனக்கும் கேக்கல கண்ணு” என்றார்கள். அதற்குப் பிறகு இந்த ஊட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

என்மேல் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன் என்று எழுதினாய். அதை அழித்துவிடு.

அக்கா

*

சென்னை
19.9.2025

அக்கா,

உன் கடிதம் வந்ததும் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. எத்தனை நாள் ஹெட்போனில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெதுவாக ஓட்டிக் கேட்டேன், தலைகீழாக ஓட்டிக் கேட்டேன். ‘அற்புதம்’ என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆனால் மற்றவர்கள் எடுத்துப் போட்டது எங்கெங்கோ இருக்கிறது, அதை என்னால் பிடிக்க முடியவில்லை. இந்த டைரக்டரை விடப்போவதில்லை. வக்கீலைப் பார்க்கிறேன். நடந்ததை அப்படியே சொல்லி ஒரு வீடியோ போட்டால் ஊர் உலகம் அவரைக் காறித் துப்பும். நீ சரி என்று சொல்.

நீ சாப்பிடுகிறாயா? மச்சானுக்கு இதெல்லாம் தெரியுமா? அத்தையைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லு. அத்தைக்கு என் வணக்கம்.

மாதேசு

*

வளப்பூர் நாடு
2.10.2025

என் சாமிக்கு அக்கா ஆசி. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மச்சானுக்குத் தெரியும். அத்தைக்குச் சொல்லவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

வக்கீல் வேண்டாம். வீடியோவும் வேண்டாம். என் அழுகைக்கு நியாயம் கேட்கிறேன் என்று அதையே இன்னொரு தடவை போட்டுக் காட்டப்போகிறாயா?

எனக்காக ஒன்று செய். அந்த மைக்கைக் கட்டிய ஆளைத் தேடிப்பிடி. பெயர் தனபால், ராசிபுரம் பக்கம். நல்ல மனிதர். அன்று என்னோடு சேர்ந்து அவரும் அழுதார். படத்தில் இரண்டு நிமிடம்தான் வருகிறது என்கிறாய். நான் நின்றது அதற்கு மேலே. முதல் விசிலிலிருந்து இரண்டாவது விசில் வரைக்கும் முழுசாக அவரிடம் இருக்கும். அதை நீ உட்கார்ந்து கேள். பானு அழுதாளா, இல்லையா? அது எனக்குத் தெரிய வேண்டும். அழவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவசரம் இல்லை. ஆனால் மறந்துவிடாதே.

அக்கா

*

சென்னை
26.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மச்சானும் சுகமா? மழை பலமா?

தனபால் அண்ணனைப் பார்த்தேன். கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறார். அந்தப் படத்துக்குப் பிறகு அவர் சினிமாவுக்குப் போகவே இல்லை. பதிவு முழுக்க அவரிடம் பத்திரமாக இருந்தது. கேட்டேன். இரண்டு விசிலுக்கும் நடுவில் ஆறு நிமிடம். மஞ்சு சொட்டுகிற சத்தம்தான் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. குழந்தை அழவில்லை. நீ நிம்மதியாக இரு.

மாதேசு

*

வளப்பூர் நாடு
5.11.2025

மாதேசுக்கு அக்கா ஆசி. மழை பலம். பஸ் இரண்டு நாள் வரவில்லை.

நீ எழுதியது பொய். அவள் அழுதாள். எனக்குக் கேட்டது.

முதலில் சிணுங்கினாள், பிறகு ‘ம்மா’ என்றாள். நாற்பது தப்படி, ஓடினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? முந்தின நாள் மச்சான் நடுவில் தும்மிவிட்டார் என்று அந்த டைரக்டர் ஊர் முன்னால் அவரைத் திட்டித் தீர்த்தார். அன்று முழுக்க மச்சான் சோறு தின்னவில்லை. இன்று நானும் கெடுத்தேன் என்று ஆகக் கூடாது, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நின்றேன். குடத்தோடு நின்றேன். நீ வட்டம் போட்டாயே, அந்தப் பெண் தன் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மச்சானிடம்கூடச் சொன்னதில்லை. அழுதாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்தப் பதிவு வேண்டியதில்லை. அவள் கடைசியாகக் கூப்பிட்டதை உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். இன்னொருத்தர் காதிலும் அது விழ வேண்டும் என்றுதான் உன்னைப் போகச் சொன்னேன்.

இன்னொன்று. நீ எழுதப் பழகிய நாளிலிருந்து அத்தையைக் கேட்காமல் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இந்தத் தடவை ஏன் கேட்கவில்லை? எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் உள்ளதை எழுது.

அக்கா

*

சென்னை
10.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். முழுக்கக் கேட்டேன். முதல் விசிலுக்குப் பிறகு நாலாவது நிமிடத்தில் பானு சிணுங்குகிறாள். அப்புறம் ‘ம்மா’ என்கிறாள். நீ சொன்னபடிதான். உன் காதில் விழுந்தது என் காதிலும் விழுந்தது.

நான் மறைத்தது அதற்கு அடுத்தது. மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு குரல், அடங்கின குரல். “இரு சாமி. விசிலு அடிக்கட்டும், அப்பத்தா வாரேன்” என்கிறது. தூளியிலிருந்து நாலைந்து தப்படிக்கு மேல் இருக்காது. அத்தை ஊட்டுச் சுவரை ஒட்டி நின்றிருக்கிறார்கள். பானு மறுபடி ஒருமுறை கூப்பிடுகிறாள். பிறகு அவள் சத்தம் இல்லை. இரண்டாவது விசிலுக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் இருக்கிறது. அந்த ஒன்றரை நிமிடமும் அத்தை மூச்சு விடுவது கேட்கிறது. விசில் அடித்ததும், “தூங்கிட்டா போல” என்று முணுமுணுத்துவிட்டுப் பின்பக்கம் போகிறார்கள்.

தனபால் அண்ணன் இதை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. “ஒரே ஊட்டுல ரெண்டு பொம்பளைங்க இருந்தாகணுமேன்னுதான் தம்பி வாயத் தொறக்கல” என்றார். நானும் அதையே நினைத்துத்தான் பொய் எழுதினேன். இப்போது எழுதிவிட்டேன். என்ன செய்வாய் என்று பயமாக இருக்கிறது.

அத்தை எப்படி இருக்கிறார்கள்?

மாதேசு

*

வளப்பூர் நாடு
17.11.2025

என் கண்ணு மாதேசுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அவர்கள் குரல் வந்த இடத்தில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மேலே படிக்க முடியாது என்று தெரியும்.

அத்தை முழங்கால் பட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தார்கள். பிறகு, “உனக்குக் கேக்கலீன்னு சொன்னயே கண்ணு” என்றார்கள்.

“கேட்டுச்சுங்க அத்தை. ரெண்டு தடவையும் கேட்டுச்சு” என்றேன்.

அத்தை சத்தம் போட்டு அழுதார்கள். நானும் அழுதேன். பானு போன அன்றுகூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படி அழுததில்லை. சுற்றி உள்ள ஊடுகளிலிருந்து எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். யார் சொல்வது என்று அத்தை என்னைப் பார்த்தார்கள். நானே சொன்னேன். பானுமதி அன்று அழுதாள், எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது, விசிலுக்காக நின்றுவிட்டோம் என்று சொன்னேன்.

மேல் ஊட்டு ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கும் கேட்டுச்சுங்க” என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள்.

நீ வா.

அக்கா